கூட்டணிக்கு முன் ஒரு மோதல்

பழைய புத்தகக் கடை அலமாரிக்குள் ஒரு எலி நுழைந்தது. அங்கே போட்டிக் கம்பெனிகளின் இரண்டு காமிக்ஸ் புத்தகங்கள் அருகருகே இருந்தன. ஒன்றின் அட்டையில் சூப்பர் ஹீரோ இடிக்கையன், மற்றதில் சூப்பர் ஹீரோ எஃகுச் சிறகன்.

"வாய்யா, எலிய சேர்ந்து விரட்டலாம்," என்றான் இடிக்கையன்.

"இருப்பா. ரெண்டு கம்பெனி ஹீரோ சந்திச்சா, காமிக்ஸ் முறைப்படி முதல்ல நாம ரெண்டு பேரும் மோதணும். அப்புறம்தான் கூட்டணி."

"யார் ஜெயிக்கிறது?"

"யாருமே ஜெயிக்கக் கூடாது. தோத்தவனோட ரசிகருங்க கொதிச்சிடுவாங்க."

அடிக்கு அடி எண்ணிப் பார்த்து மோதினார்கள். ஒருவழியாக டிரா ஆனது. கைகுலுக்கிவிட்டு எலியைத் தேடினார்கள்.

எலி போய்விட்டது. இரண்டு புத்தகத்திலும் உள்ளே ஒரு பக்கம்கூட மிச்சமில்லை.

இடிக்கையன் பதறினான்.

"விடுய்யா," என்றான் சிறகன். "அட்டை தப்பிச்சிடுச்சுல்ல? ரசிகருங்களுக்கு அது போதும்."