ஒரு எலும்பு முறிவு தேவை

"யாரும் தொடாதீங்க! அந்தம்மாவுக்குக் கால் ஒடஞ்சிருக்கு!"

கத்தியது நான்தான். போடிமெட்டிலிருந்து இறங்கும் வழியில், மூடுபனிக்குள் திடீரென்று முளைத்த லாரிக்கு ஒதுங்கப் போய், டிரைவர் சாதிக்கின் ஜீப் சாலையோரக் கால்வாயில் சாய்ந்துவிட்டது. ஏலக்காய் பறித்துவிட்டுச் சிலமலைக்குத் திரும்பும் பெண்கள் ஒவ்வொருவராக இறங்கி, லாரிக்காரனின் பரம்பரையை விசாரித்துக் கொண்டிருந்தார்கள்.

நான் குதித்தேன். குதித்தேன் என்பது எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் மரியாதை. உருண்டு, தரையில் கையை ஊன்றி விழுந்து, உடனே எழுந்தேன்.

"டாக்டரக்கா, ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றான் சாதிக்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. பேஷண்டப் பாரு!"

என் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. போடியில் சின்னதாக கிளினிக் வைத்திருக்கும் நான், விபத்து எலும்பு முறிவு சிகிச்சையில் மேல்படிப்பு படிக்கிறேன். ஆன்லைனில். வெளிநாட்டுப் பேராசிரியர் எலும்பைக் கையில் எடுக்கும்போது என் செல்போனில் சக்கரம் சுற்ற ஆரம்பிக்கும். அது நிற்பதற்குள் அவர் எலும்பைச் சேர்த்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்.

விபத்து நடந்த இடத்திலேயே நானே முதலுதவி செய்த ஒரு கேஸை இன்று இரவுக்குள் அனுப்ப வேண்டும். இரண்டு முறை தவணை கேட்டாகிவிட்டது. இன்றும் அனுப்பாவிட்டால் இந்த வருடம் போச்சு. என்னிடம் வந்ததெல்லாம் சளி, இருமல், ஒரு வயிற்றுப்போக்கு.

அதனால்தான் எஸ்டேட்டுக்கே ஏறிப்போய், "யாராச்சும் விழுந்தீங்களா?" என்று காலையிலிருந்து விசாரித்தேன். "நீ சொல்லு பாப்பா, எந்த இடத்துல விழணும்?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தவர் ஒச்சம்மாள்.

அதே ஒச்சம்மாள் இப்போது சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே ஊசி குத்தியதுபோல் ஓர் ஓட்டை. அதிலிருந்து பாதம் வரை ரத்தம். நிற்கவே இல்லை.

எனக்குப் புல்லரித்தது. ஒடிந்த எலும்பு தோலைக் குத்திவிட்டு மறுபடி உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். வெளியே சின்ன ஓட்டைதான் தெரியும். நான்காம் பாடம். சக்கரம் சுற்றாமல் நான் முழுசாகப் பார்த்த ஒரே பாடம்.

"எனக்கு ஒண்ணும் இல்ல பாப்பா" என்று எழுந்தார் ஒச்சம்மாள்.

"உக்காருங்க! ஒண்ணும் இல்லன்னு சொல்றவங்களத்தான் மொதல்ல சந்தேகப்படணும். அதிர்ச்சியில வலி தெரியாது."

"அது இல்ல பாப்பா, இது வந்து..."

"பேசக் கூடாது!"

சாதிக்கின் குடையை ஒரு பக்கமும் ஒச்சம்மாளின் குடையை மறு பக்கமும் வைத்து, சாக்கு கட்டும் கயிற்றால் காலைக் கட்டினேன். மழையில் நனைந்த கயிறு வழுக்கியது. ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்தேன். கைக்கடிகாரம் வேறு இறுக்கிப் பிடித்தது. கழற்றிப் பையில் போட்டேன்.

ஒச்சம்மாள் என்னையே பார்த்தார். பிறகு சாதிக்கைக் கூப்பிட்டு அவன் காதில் ஏதோ சொன்னார்.

"சரி பாப்பா. நான் படுத்துக்கிறேன். வெரசா ஆஸ்பத்திரிக்குப் போவோம். நீயும் கூடவே வரணும், பாதியில எறங்கிறக் கூடாது."

'நோயாளியின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி' என்று தனியாக ஒரு பாடமே உண்டு. எனக்கு அது தேவைப்படவில்லை பாருங்கள்.

பின்னால் வந்த இன்னொரு ஜீப்பின் ஆட்கள் எங்கள் ஜீப்பை நிமிர்த்தினார்கள். மற்றப் பெண்கள் அவர்கள் ஜீப்பில் ஏறிக்கொள்ள, நாங்கள் மூன்று பேரும் எங்கள் ஜீப்பில் கிளம்பினோம். ஒவ்வொரு பள்ளத்திலும் சாதிக் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "வலிக்குதாக்கா?" என்றான்.

"என்னைய ஏன்டா கேக்குற? அவங்கதான் கண்ண மூடிட்டாங்களே, மயக்கமா இருக்கும். வெரசா போ!"

போடியில் எலும்பு டாக்டர் அருள்பாண்டி, குடைகளோடு படுத்திருந்த ஒச்சம்மாளை மேலும் கீழும் பார்த்தார். நான் கேஸை ஒப்பிக்க ஆரம்பித்தேன். விபத்து நடந்த விதம், காயத்தின் வகை, நான் எடுத்த துணிச்சலான முடிவுகள். நடுவில் மூச்சு வாங்க நிறுத்தியதுதான் தப்பு.

"இப்பவாச்சும் நான் பேசலாமா சார்?" என்று கண்ணைத் திறந்தார் ஒச்சம்மாள்.

"சொல்லுங்கம்மா. எங்க வலிக்குது?"

"எங்கயும் வலிக்கல சார். அட்ட கடிச்சிருக்கு, அம்புட்டுத்தேன். அது கடிச்சா ரத்தம் நிக்காதுல்ல?"

அறையில் இருந்த நர்ஸ் திரும்பி நின்று சிரித்தார். நான் தரையைப் பார்த்தேன். இந்த வருடம் போச்சு.

அருள்பாண்டி குடைக்கட்டை அவிழ்த்தார். காலை மடக்கி, நீட்டிப் பார்த்தார்.

"கால் நல்லாத்தானம்மா இருக்கு? அப்புறம் எதுக்கு மலையில இருந்து இப்படியே படுத்து வந்தீங்க?"

ஒச்சம்மாள் எழுந்து உட்கார்ந்து, படுக்கையில் எனக்கு இடம் விட்டார்.

"நான் எந்திரிச்சு நடந்திருந்தா இந்தப் பாப்பா ஆஸ்பத்திரிக்கு வந்திருக்காதே சார். கை ஒடஞ்சிருக்கது பாப்பாவுக்குத்தேன்."