அஞ்சு பொட்டு

"இன்னும் எத்தனை ரூம் பாக்கி?"

எங்கள் சூப்பர்வைசர் ரொமுலோ சார் கேட்டது மிலாக்ரோஸ் அக்காவை. முறைத்தது என்னை. மணி பன்னிரண்டரை.

"ரெண்டு இருக்கு சார்" என்று கட்டிலுக்கு அடியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"அங்க படுத்துக்கிட்டு என்னம்மா பண்றே?"

"துடைக்கிறேன் சார்."

"கட்டிலுக்கு அடியில எந்தப் பயணி போய்ப் படுக்கப் போறான்?"

எனக்கும் அதே எரிச்சல்தான். எங்கள் கப்பல் சிங்கப்பூரில் நிற்பது வாரத்தில் ஒரே ஒரு நாள். காலை ஒன்பதரைக்குப் பழைய கூட்டம் இறங்கும், ஒரு மணியிலிருந்து புதுக் கூட்டம் ஏறும். நடுவில் ஆளுக்குப் பதினெட்டு அறை. எட்டாம் தளம் மொத்தமும் முடிந்தால்தான் எங்களில் யாரும் கரையில் கால் வைக்கலாம். இறங்கினால் துறைமுகத்தில் இலவச வைஃபை உண்டு. பிலிப்பைன்ஸில், செபுவில் இருக்கும் என் பையன் முகத்தை அரை மணி நேரம் பார்ப்பேன். மூன்று வாரமாக அக்கா புண்ணியத்தில் அதுவும் போச்சு.

ஜெரிக்கோ பதினொரு மணிக்கே தன் அறைகளை முடித்துவிட்டு, தலையைச் சீவிக்கொண்டு வந்து சுவரில் சாய்ந்து நின்றான்.

"அக்கா ரூம் சுத்தம் பண்ணலை சார். கப்பலையே புதுசா கட்டிக்கிட்டு இருக்காங்க."

சார் சிரித்தார். ஜெரிக்கோ என்றால் அவருக்குச் செல்லம். சிறந்த ஊழியர் என்று எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் அவன் படம்தான் மாட்டியிருக்கிறது.

அவன் வித்தை எங்கள் எல்லோருக்கும் தெரியும். பயணிகள் இறங்கியதும் சார் ஒவ்வொரு அறையிலும் கண்ணுக்குத் தெரியாத மையால் ஐந்து பொட்டு வைப்பார். கதவுக் கைப்பிடி, விளக்கு சுவிட்ச், டி.வி. ரிமோட், போன், கழிவறையில் தண்ணீர் விடும் பொத்தான். நாங்கள் முடித்த பிறகு வந்து ஊதா விளக்கை அடித்துப் பார்ப்பார். பொட்டு மின்னினால் அங்கே துணி படவில்லை என்று அர்த்தம்.

இரண்டு வருடமாக அதே ஐந்து இடம்தான். ஜெரிக்கோ அந்த ஐந்தையும் துடைப்பான், விரிப்பை மாற்றுவான், வாசனைத் தண்ணீரை நாலு அடி அடிப்பான், அடுத்த அறைக்குப் போய்விடுவான். பாவம், சாருக்குத்தான் தெரியாது.

அக்கா அப்படியில்லை. மெத்தையைத் தூக்கி நிறுத்தி ஓரமெல்லாம் தேய்ப்பாள். திரைச்சீலையை உதறுவாள். கெட்டிலில் இரண்டு தடவை தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொட்டுவாள்.

"பொட்டை மட்டும் துடைச்சிட்டு வாயேன்க்கா" என்று நானே வெட்கத்தை விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.

"போன வாரம் இதுல இருந்த ஆள் ஏழு நாளும் இருமிக்கிட்டே கிடந்தான் டெலியா. அடுத்து வர்றவங்க இந்த மெத்தையிலதானே மூஞ்சிய வைக்கணும்?"

 நான் என் அறைகளைப் பார்க்கப் போய்விட்டேன்.

இப்போது சார் என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டினார்.

"நீதான் இந்தத் தளத்துல சீனியர். சாட்சிக் கையெழுத்து போடு."

படித்தேன். மிலாக்ரோஸ், மூன்றாவது தாமதம். வேகம் போதாது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சிபாரிசு இல்லை. அடுத்த மாதம் மணிலாவில் இறக்கிவிட்டால் அதோடு சரி. நாற்பத்தாறு வயதுக்காரியை வேறு எந்தக் கப்பலில் எடுப்பார்கள்? அவள் அனுப்பும் சம்பளத்தில்தான் இரண்டு பெண்கள் நர்ஸிங் படிக்கிறார்கள்.

"சார், பொட்டெல்லாம் சுத்தமாத்தானே துடைச்சிருக்காங்க?"

"அஞ்சுக்கு அஞ்சுதான். யாரு இல்லேன்னா? ஜெரிக்கோவும்தான் அஞ்சுக்கு அஞ்சு. அவன் எத்தனை மணிக்கு முடிச்சான்? எனக்கு விளக்கு சொல்றதும் கடிகாரம் சொல்றதும்தாம்மா கணக்கு."

அக்கா எழுந்து வந்து வாசலில் நின்றாள். கையில் ஈரத்துணி. காகிதம் என்னவென்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் துணியை மடித்துச் சுத்தமான பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்லித் தொலைத்தால்தான் என்ன? அவள் அப்படித் துணியை மடித்துக்கொண்டு நின்றதில் எனக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது. பையன் வேறு போனை வைத்துக்கொண்டு காத்திருப்பான். பேனாவைத் திறந்தேன்.

சாரின் வாக்கிடாக்கி கரகரத்தது. கீழே வரவேற்பிலிருந்து அழைத்தார்கள்.

"ரொமுலோ சார், உங்க வீட்ல வந்துட்டாங்க. குழந்தையும் வந்திருக்கு."

வருடத்துக்கு ஒரு தடவை ஊழியர் குடும்பத்தைக் கப்பலில் ஏற்றிக்கொள்வார்கள். இந்த வாரம் சாருடைய முறை.

"நல்ல ரூமாவே போட்டிருக்கேன் சார். எண்பத்தொண்ணு நாப்பதாம் நம்பர். பால்கனி இருக்கு. ஜெரிக்கோ பக்கம், பதினோரு மணிக்கே ரெடி."

சார் ஜெரிக்கோவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். அந்த ஒடுக்கமான நடைவழியில் எவ்வளவு தாழ்த்தினாலும் கேட்கும்.

"அது வேண்டாம். மிலாக்ரோஸ் பக்கம் ஒண்ணு போடு."

"அங்க பால்கனி கிடையாதே சார். ரூமும் இன்னும் முடியலை. ஒரு மணி நேரம் ஆகும்."

"ஆகட்டும், உட்கார்ந்திருக்கட்டும். குழந்தைக்கு மூச்சு இழுப்பு இருக்குப்பா."

ஜெரிக்கோ சுவரை விட்டு நிமிர்ந்தான். சார் திரும்பியபோது நாங்கள் மூன்று பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் பேனாவை மூடிவிட்டுக் காகிதத்தை அவர் கையிலேயே கொடுத்தேன்.

"நான் போடலை சார். அக்கா துடைச்ச ரூம்ல ஒரு வாரம் இருந்துட்டு உங்க வீட்டம்மா இறங்குவாங்கல்ல, சாட்சிக் கையெழுத்தை அவங்ககிட்டயே வாங்கிக்குங்க."