அவசரமில்லாத அழைப்பு

ஆம்புலன்ஸ் கேட்டு வரும் அழைப்புகளில் எது அவசரம் என்று இயந்திரமே முடிவு செய்தது. அது எங்கே தவறுகிறது என்பதுதான் சுகிர்தாவின் முதுகலை ஆய்வு. பெயரும் குரலும் நீக்கிய எழுத்து வடிவம் மட்டுமே அவளிடம் தரப்பட்டிருந்தது.

“நெஞ்சு கொஞ்சம் வலிக்குதுங்க. சிரமமில்லீன்னா வண்டி அனுப்புங்க. பாப்பாவுக்கு நாளைக்குப் பரீட்சை, அதுக்கு மட்டும் சொல்லிப்போடாதீங்க.”

பதறாமல் மரியாதையாகப் பேசியவருக்கு ‘அவசரமில்லை’ என்று குறித்திருந்தது இயந்திரம். அந்தப் பாப்பா சுகிர்தாதான்; பேசியவர் அவளுடைய அப்பா. அன்று வண்டி வருவதற்குள் அவர் உயிர் போய்விட்டது.

ஆய்வு வழிகாட்டி எட்டிப் பார்த்தார். “பேசினவர் யாருன்னு தெரியுதாம்மா? தெரிஞ்சா அந்த அழைப்பை ஆய்விலேர்ந்து எடுத்துடணும், அதான் விதி.”

எடுத்துவிட்டால் நடந்த தவறுக்குச் சாட்சியே இருக்காது. சுகிர்தா திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

“யாருன்னு தெரியலீங்க சார்” என்றாள்.