லாகோசில் ஒரு சாப்பாடு

1981. தங்கையை அழைத்துப்போகப் பெரம்பலூரிலிருந்து நைஜீரியாவுக்கு வந்திருந்தான் வீரமுத்து. லாகோஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அம்சவள்ளி, அவனை ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனாள்.

"மாப்ள பாத்தாச்சு. என்னோட கெளம்புற."

"மொதல்ல சாப்புடுண்ணே."

கடைக்காரர் சிரித்தபடி கிழங்குக் களியும் கீரைக் குழம்பும் வைத்தார். வீரமுத்து மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

"நம்ம வூட்டுக் களி தோத்துது போ! மனுசன் பாசமா போடுறாரு."

"நான் ஊருக்கு வரலண்ணே. எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு."

வீரமுத்து துள்ளி எழுந்தான். "எவன் அவன்? காட்டு, கைய ஒடிக்கிறேன்!"

"ஒடி. அந்தக் கையாலதான் இப்ப ரெண்டு தடவ வாங்கிச் சாப்புட்ட."

அம்சவள்ளி எழுந்துபோய்க் கடைக்காரர் பக்கத்தில் நின்றாள்.