கடைசியாக இறங்கியவள்

மில் கிரீக் தீயணைப்பு நிலையத்தின் மாடியில், சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கம் சீஃப் நோவிக்கி உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் ஹர்லி, இடப்பக்கம் டெல்கடோ. எதிரே, தாளும் பேனாவுமாகக் கொரின். அவளுக்கு வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் இருந்தது.

"தலைமை ஆபீசுக்கு ஒரு லெட்டர். நீயே எழுதும்மா" என்றார் சீஃப்.

வேலை போயிற்று என்று நினைத்தபடி கொரின் பேனா மூடியைக் கழற்றினாள்.

"நேத்து மணி அடிச்சதும் நாங்க மாடித் தரை ஓட்டை வழியா கம்பத்துல சறுக்கிக் கீழே வண்டியில ஏறிட்டோம். மகாராணி மட்டும் படியில இறங்கி வந்தாங்க!" என்றான் ஹர்லி.

"கம்பம்னா பயமா?" என்று கேட்டார் சீஃப்.

"இல்ல சீஃப். கம்பம் இறங்குற ஓட்டையைச் சுத்தி, யாரும் விழாம இருக்க வெச்ச தடுப்போட கதவை இவங்க திறந்துபோட்டுப் போயிட்டாங்க. கம்பத்துல தொங்கிக்கிட்டே அதைச் சாத்த முடியாது. அதான் சாத்திட்டுப் படியில ஓடினேன்."

"யாருக்காகச் சாத்தினே? மாடியிலதான் ஒருத்தரும் இல்லியே. சீஃப்கூடக் கீழே கார்லதானே இருந்திருப்பாரு" என்றான் டெல்கடோ.

சீஃப் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "எழுதும்மா. 'நேற்று நான் மாடிக் குளியலறையில் இருந்தேன். மணி கேட்டதும் பனியனைத் தலைவழியே மாட்டிக்கொண்டே ஓடிவந்து, சாத்தியிருந்த தடுப்புக் கதவில் மோதி நின்றேன். திறந்திருந்தால் இந்தக் கடிதத்தை வேறு யாராவதுதான் எழுதியிருப்பார்கள். தானாகச் சாத்திக்கொள்ளும் ஸ்பிரிங் கதவு உடனே வேண்டும். தாமதத்துக்குக் காரணம் பழைய கதவு, கொரின் அல்ல.'"

கொரின் கடைசி வரியை எழுதி, சீஃபிடம் கையெழுத்து வாங்கினாள்.

ஹர்லி கடிதத்தை வாங்கி உறையிலிட்டு ஒட்டினான். "நானே போட்டுட்டு வரேம்மா" என்று தபால் பெட்டிக்குக் கிளம்பினான்.