சாவியோவின் ஸ்டிக்

சாவியோவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து, வந்தவர்கள் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதே திலீப் கேட்டுவிட்டான்.

"தங்கச்சி, அவன் பார்லர்ல பந்து அடிக்கிற ஸ்டிக்கு கீதே... அத எனக்குக் குடேன்."

கேட்கிற நேரமா அது? சாவியோவின் மனைவி ரெஜினா பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியை நிறுத்தினாள்.

"அது வேணாண்ணே," என்றாள் மெதுவாக. "ஆஸ்பத்திரில கீறப்பவே அவரு சொல்லிட்டாரு. யாருக்கு வேணா குடு, திலீப்புக்கு மட்டும் குடுக்காதன்னு."

"ஏனாம்?"

"கேட்டேன். சிரிச்சாரே தவிர சொல்லல."

செத்தும் இவன் கஞ்சத்தனம் போகலையே என்று திலீப்புக்குச் சுருக்கென்றது. விடவில்லை. பந்தி முடியும்வரை வாசலிலேயே நின்றான். பேசத் தெம்பில்லாத ரெஜினா, பீரோ மேலிருந்து பையோடு எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

பதினாலு வருஷ ஆசை அது. ராயபுரத்தில், பில்லியர்ட்ஸ் மாதிரி மேஜையில் பந்தைக் குத்திக் குழியில் தள்ளும் பூல் பார்லர் திறந்த புதிதில், ஆளுக்குப் பாதி காசு போட்டு பர்மா பஜாரில் ரெண்டு ஸ்டிக் வாங்குவதாகப் பேச்சு. திலீப்புக்கு அன்றைக்கு கன்டெய்னர் யார்டில் வேலை. சாவியோதான் போய் வாங்கிவந்தான். கருப்புப் பிடியில் வெள்ளைப் பூ வேலை செய்தது ஒன்று, வெறும் மொட்டை மரமாக ஒன்று. பூப் போட்டதைத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மொட்டையை திலீப்பிடம் நீட்டினான்.

"எனக்கு இது, உனக்கு அது."

அவ்வளவுதான் பங்கு பிரித்த லட்சணம்.

பார்லரில் யார் எந்த ஸ்டிக்கை எடுத்தாலும் முதலில் டேபிளில் உருட்டிப் பார்ப்பார்கள். சாவியோ தன் ஸ்டிக்கை உருட்ட விடமாட்டான். தொட்டாலே பிடுங்கிக்கொள்வான். அத்தனை பொத்திப் பொத்தி வைத்தும் ஒரு கப் ஜெயித்ததில்லை. திலீப் வீட்டிலோ டி.வி. மேல் கப் வைக்க இடமில்லை.

"ஸ்டிக்கு ஷோக்கா இருந்தா போதுமா மாமு? ஆடத் தெரியணும்ல?" என்று திலீப் எல்லோர் முன்னாலும் ஓட்டுவான். சாவியோ அதற்கும் சிரிப்பான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் திருவொற்றியூர் டோர்னமென்ட் ஃபைனலில், பாதி ஆட்டத்தில் திலீப் ஸ்டிக்கின் முனை தெறித்துப் போனது. ஓடிப்போய் சாவியோவிடம் கைநீட்டினான்.

"இத மட்டும் கேக்காத மாமு. வேற யார்ட்டனா வாங்கிக்கோ," என்று சாவியோ ஸ்டிக்கை மார்போடு அணைத்துக்கொண்டான்.

யாரிடமோ இரவல் வாங்கி ஆடி, திலீப் தோற்றான். அன்றோடு பேச்சு நின்றது. சாவியோ மஞ்சள் காமாலையில் படுத்தபோது ஆஸ்பத்திரி ரெண்டே பஸ் ஸ்டாப் தள்ளித்தான் இருந்தது. போகவில்லை. சாவுக்கும் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டு வந்துவிட்டான்.

ரெஜினா கொடுத்த பையோடு நேரே கொருக்குப்பேட்டை போனான். உபைதுல்லா பாய் மர சாமான்களுக்கு பாலிஷ் போடுகிறவர். பூல் டேபிளுக்குத் துணி மாற்றுவதும் அவர்தான்.

"பாய், இத தேச்சி வார்னிஷ் அடிச்சி புச்சா ஆக்கிக் குடு. மொத வேலையா பிடில கத்தியால கீறி வெச்சிக்கீறான் பாரு சிலுவ, அத எடுத்துடு. அவன் பேர் எழுதி வெச்சா மாதிரி பதினாலு வருஷமா என் கண்ண உறுத்திக்கினு கீது."

பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஸ்டிக்கை வாங்கினார். உப்புத்தாளை எடுக்கவில்லை. மேஜைக் கண்ணாடி மேல் வைத்து உருட்டினார்.

டக், டக், டக் என்று நொண்டியடித்துக்கொண்டு ஓடியது ஸ்டிக்.

"இன்னா பாய், இப்டி ஓடுது?"

"கட்டை முறுக்கிக்கினு கீதுபா. இதுக்கு பாலிஷ் போட்டு இன்னா பிரயோஜனம்?"

"பீரோ மேல போட்டு வெச்சிருந்தாங்க, அதுல வளைஞ்சிருக்கும்."

"ஒரு மாசத்துல வளையுற வளைவா இது? மரமே அப்படி. பச்சை மரத்துல கடைஞ்சிட்டு, மேல பூவ போட்டு வித்துட்டான் எவனோ." பாய் ஸ்டிக்கை மெல்லத் திருப்பினார். "நீ எடுக்கச் சொன்ன சிலுவைய பாரு. இது மேல பாத்து இருந்தா வளைவு நேரா கீழ போவுது. இப்டிப் புடிச்சா பந்து கொஞ்சமாவது சொன்ன பக்கம் போவும். வேற பக்கம் திரும்பிச்சோ, போச்சு. அதுக்குப் போட்ட அடையாளம்பா இது."

பந்து குழியில் விழாத ஒவ்வொரு தடவையும் சாவியோ குனிந்து பிடியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தது திலீப்புக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. அப்போதெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தது யார்?

"பாவம், வாங்கி ரொம்ப நாள் கழிச்சித்தான் இது கோணல்னு கண்டுபுடிச்சிருப்பான்," என்றபடி பாய் உப்புத்தாளை எடுத்தார். "சரி, சும்மா பார்வைக்கு வெச்சிக்கோ. பளபளன்னு ஆக்கித் தரேன். சிலுவைய தேச்சிடவா?"

திலீப் அவசரமாகக் கட்டைவிரலால் சிலுவையைப் பொத்திக்கொண்டான். ரெண்டு பஸ் ஸ்டாப். ஒரு நாள் போயிருக்கலாம்.

"வேணாம் பாய்... அன்னிக்கி அவன் ரெண்டு ஸ்டிக்கையும் எடுத்துக்கினு வந்து என் கைல நேரானத குடுக்கும்போதே, இதுல சிலுவ போட்டிருந்துச்சு பாய்."