அளவு ஜாக்கெட்

போன் நம்பரின் கடைசி நான்கு எண்களை, கடைக்கு வந்த அந்தப் பெண் சொல்லும் முன்பே தையல்காரியின் கை எழுதி முடித்திருந்தது.

ரசீதைப் பார்த்தாள். எண் சரிதான். ஆறு வருஷமாகியும் மறந்து தொலையவில்லை, பாழாய்ப்போன எண்.

"வீட்டுக்காரர் நம்பர்க்கா. எங்கிட்ட போன் கிடையாது."

மேகலா என்று பேர் சொன்னாள். இருபத்தைந்து இருக்கும். போன மாதம்தான் இந்த ஊருக்குக் குடிவந்தார்களாம். ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் கல்யாணம். பட்டு ஜாக்கெட் தைக்கணும்.

ஓ. நீதானா அது.

அவளோடு விவாகரத்து ஆன கையோடு அவளுடைய பழைய புருஷன் கட்டிக்கொண்டவள். இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தானாம். அதையும் ஒரு புண்ணியவதி தேடி வந்து அவளிடம் சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்குப் பற்றிய வயிறு இன்னும் எரிகிறது.

பட்டுத் துணியை விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். நல்ல பட்டு.

கைக்குழியில் அரை இஞ்ச் குறைத்தால் போதும். உள்ளே ஒற்றைத் தையல். தாலி கட்டும் நேரத்தில் எல்லோரும் அட்சதை போடக் கையைத் தூக்குவார்கள். இவளும் தூக்குவாள். பிரியும். மேடையில், அத்தனை பேர் முன்னால்.

அவனுக்கு மானம்தான் உயிர். போகட்டும்.

வசமாக மாட்டினான். அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. கத்தரியை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அளவு ஜாக்கெட் கொண்டாந்தியா?"

மேகலா பையிலிருந்து ஒரு பச்சை ஜாக்கெட்டை எடுத்தாள். "இதே அளவுதாங்க்கா. கை மட்டும் முட்டி வரைக்கும் வைங்க."

சித்திரை வெயில். வெளியே தார் இளகிக் கிடக்கிறது. இதில் முட்டி வரைக்கும் கை.

அவள் ஜாக்கெட்டை மேசையில் விரித்தாள்.

இடது கை, தோளோடு சேரும் இடத்தில் கிழிந்திருந்தது. ஊசியால் தைத்திருந்தார்கள். பச்சைத் துணியில் கறுப்பு நூல். கைக்கு அகப்பட்ட நூல்.

அவள் விரல் அந்த இடத்திலேயே நின்றது.

அவளுடைய ஜாக்கெட்டுகளும் அங்கேதான் கிழிந்தன. எதிரே நின்று வலது கையால் பிடித்து இழுப்பான். மறுநாள் போட வேண்டுமே என்று அவளும் இப்படித்தான் அகப்பட்ட நூலை எடுத்துத் தைப்பாள். அவளுக்குத் தையல் வந்ததே அப்படித்தான்.

மேடையில் ஜாக்கெட் பிரியும். அவன் மானம் போகும். சரி. வீட்டுக்குப் போனதும் அடி யாருக்கு விழும்?

சீ என்று ஆகிவிட்டது.

வெளியே ஹாரன் அடித்தது.

முதல் ஹாரனுக்கே மேகலா எழுந்துவிட்டாள். ஒரு செருப்பைத்தான் மாட்டினாள். இன்னொன்று பெஞ்சுக்கு அடியில் போய்விட்டது. பையை மார்போடு இறுக்கிக்கொண்டு வாசலைப் பார்த்தாள்.

பாதி திறந்த ஷட்டருக்குக் கீழே, எதிர்ச்சாரியில் ஒரு பைக் சக்கரம் தெரிந்தது. பக்கத்தில் பொறுமையில்லாமல் ஆடும் ஒரு கால்.

ஷட்டரை அவள் எப்போதும் பாதிதான் திறப்பாள். போர்டில் பேர் போடவில்லை. பஸ்ஸில் கடைசி சீட்டு, பின்னால் யாரும் இருக்கக் கூடாது. காய் வாங்கப் போனால்கூட பயத்திடம் கேட்டுவிட்டுத்தான் போவாள். ஆறு வருஷமாக அதுதான் அவளுக்குப் புருஷன்.

இப்போதும் அது சொன்னது. ரசீதைக் கொடு. அனுப்பிவிடு. உள்ளே போய் நில்.

ஒற்றைச் செருப்போடு நின்ற மேகலாவை அவள் பார்த்தாள். அடிப்பாவி, இந்தப் பிள்ளைமேலயா கத்தரி வைக்கப் பார்த்தேன்?

குனிந்து பெஞ்சுக்கு அடியிலிருந்து செருப்பை எடுத்து அவள் காலருகே வைத்தாள்.

மறுபடியும் ஹாரன். இந்த முறை கையை எடுக்காமல் அடித்தான்.

"நீ உட்காரும்மா. இன்னிக்கு நீ அந்த வீட்டுக்குப் போகல. எங்கூட இரு."

"ஐயோ, வேணாங்க்கா. அவரு ரொம்பக் கோவக்காரரு."

"தெரியும்."

மேகலா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, தான் சொல்லி முடிக்கும் முன்பே எண் ஏறியிருந்த ரசீதைப் பார்த்தாள். மெதுவாக உட்கார்ந்தாள்.

அவள் கத்தரியை மேசையிலேயே விட்டாள். பச்சை ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டாள்.

ஷட்டர் பாதிக்கு மேல் ஏற மறுத்தது. ஆறு வருஷத் துரு. இரண்டு கையாலும் தள்ளினாள். தடதடவென்று மேலே போனது. கடை முழுக்க வெயில் விழுந்தது.

எதிரே டீக்கடையில் பத்துப் பதினைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். நல்லது.

ஜாக்கெட்டை உதறி, கிழிந்த கை எல்லோருக்கும் தெரியும்படி பிடித்துக்கொண்டு அவள் ரோட்டில் இறங்கினாள்.

ஹாரன் பாதியில் நின்றது.